நொதியை எடையால் அல்ல, வீரியத்தால் அளக்க வேண்டும்

ஐயா,
பாலாற்றங்கரை டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவுநீர் பற்றிய தங்கள் தலையங்கம் சுத்திகரிப்பு நிலையத்தோடு நின்றுவிட்டது. மாசு அதற்கு முன்பே, மயிர் நீக்கும் கட்டத்திலேயே தொடங்குகிறது. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் மயிரைக் கூழாகக் கரைத்துக் கழிவில் சேர்க்கின்றன. அந்த நீர் அமிலக் கழிவோடு கலந்தால் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளையே கொல்லும். பேசில்லஸ் பாக்டீரியா சுரக்கும் காரப் புரோட்டீஸ் என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதியோ மயிர்க்காலைப் பற்றியிருக்கும் புரதங்களை மட்டும் அரிக்கிறது. மயிர் முழுசாக உதிர்வதால் வடிகட்டி அள்ளிவிடலாம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வெகுநாளாகச் சொல்லிவருவதுதான் இது.

பிறகு ஏன் பரவவில்லை? விலை ஒரு காரணம். பெரிய காரணம், தோல் கெட்டுவிடும் என்ற பயம். அதில் நியாயமும் உண்டு. நொதிக் குழம்பைச் சதைப்புறம் பூசி இரவு முழுக்க அடுக்கி வைக்கும்போது அடுக்கின் நடுவே சூடு ஏறினால், அல்லது நொதிச் சரக்கில் தோலுக்கு வலுத் தரும் கொலாஜன் புரதத்தைத் தின்னும் நொதியும் கலந்திருந்தால், மேல்பரப்பு தளர்ந்து பளபளப்பு போய்விடும். கோடையில் தகரக் கொட்டகையில் கிடந்த நொதித்தூள் வீரியம் இழந்திருக்கும். அதே எடை போட்டால் மயிர் பாதியில் நிற்கும். மேஸ்திரி உடனே பழையபடி சல்பைடை அள்ளிப் போடுவார்.

ஆகவே பொதுச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகங்களிலேயே ஒவ்வொரு நொதித் தொகுப்புக்கும், அதன் வீரியத்தைக் காட்டும் கேசின் (பால் புரதச்) சோதனையும், கொலாஜனைத் தின்னும் நொதி கலந்திருக்கிறதா என்று காட்டும் கொலாஜன் சோதனையும் செய்து, இட வேண்டிய அளவைச் சிறு டேனரிகளுக்கு எழுதிக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்யலாம்.

– தோல் தொழில்நுட்பர், வாணியம்பாடி