யூராலஜி தேர்வுக்கு எங்களைத் தயார் செய்தவர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், சீனியர் அண்ணன் அக்காக்களுக்கும், தியேட்டர் சிஸ்டர்களுக்கும், எங்களிடம் அலுக்காமல் பேசிய நோயாளிகளுக்கும்,

யூராலஜி, அதாவது சிறுநீரகம், சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சைக்கான எம்.சிஎச். உயர் பட்டப்படிப்பின் ரிசல்ட் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போட்டு முடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எம்.எஸ். முடித்து, நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி, அப்புறம் 3 வருடம் யூராலஜி படிக்கிறோம். அந்த 3 வருடமும் பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரி. அங்கே என்ன நோய் வருகிறதோ அதுதான் பாடம். அரசு ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு, விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கிச் சிறுநீர்ப் பாதை அறுந்து வருகிறவர்கள் பழக்கம். கார்ப்பரேட்டில் படிப்பவருக்கு ரோபோ பழக்கம். எக்ஸாமினருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, இரண்டையும் கேட்பார். இந்தப் பள்ளத்தை நிரப்பியது சென்னையில் நீங்கள் நடத்திய கூட்டு வகுப்புதான். ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆட்களோடு, மதுரையிலிருந்து பாண்டியனிலும் கோவையிலிருந்து சேரனிலும் தூங்கி வழிந்தபடி வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எக்ஸ்ரே வகுப்பு எடுத்த சாருக்கு: உங்கள் வியூ பாக்ஸ் முன்னால் நின்று "வலது கிட்னியில் கல், சார்" என்று ஆரம்பித்த யாரையும் நீங்கள் மேலே பேச விட்டதில்லை. முதலில் பெயர், தேதி, அப்புறம் வலது இடது குறி. "குறியைப் பார்க்காம எந்தக் கிட்னியை எடுக்கப் போற?" என்பீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) படத்தைக் கையில் கொடுத்ததும் என் கண் தானாகக் குறியைத் தேடியது.

ஸ்டிரிக்சர், அதாவது சிறுநீர்ப் பாதை சுருங்கி அடைபடுவதைப் பற்றி வகுப்பெடுத்த மேடத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்.ஜி.யூ. படத்தை (சிறுநீர்ப் பாதைக்குள் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) வைத்துக்கொண்டு ஒரு முழு மாலையை எங்களுக்காகச் செலவழித்தீர்கள். நோயாளியைச் சாய்வாகப் படுக்கவைக்காமல் மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்தால், சிறுநீர்ப் பாதையின் வளைவான பல்பார் பகுதி படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, அடைப்பு நிஜ நீளத்தைவிடக் குட்டையாகத் தெரியும். 2 சென்டிமீட்டருக்குள் என்றால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கலாம். நீளமாக இருந்தால் கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டுப்போட வேண்டும். படத்தை நம்பி, முதலில் சொன்ன வெட்டித் தைக்கும் ஆபரேஷனுக்குத் தயாராகிப் போனவர், தியேட்டரில் திறந்த பிறகு முழிக்க வேண்டியதுதான். இதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். ஒரே ஆளின் இரண்டு படங்களை நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோதுதான் உறைத்தது.

கருவி வகுப்பை யாரும் சிஸ்டரிடம் கேட்பதில்லை. கேட்க வேண்டும். 18 பிரெஞ்ச் அளவுள்ள கேதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) எத்தனை மில்லிமீட்டர் பருமன் என்று கேட்டுவிட்டு, விழித்தால் "3-ஆல வகுங்க டாக்டர், 6" என்று சிரிப்பார். சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு, புரோஸ்டேட் சுரப்பியைக் கரண்டால் வெட்டியெடுப்பது டி.யூ.ஆர்.பி. ஆபரேஷன்; அதற்கான கரண்டில் மோனோபோலார், பைபோலார் என்று இரண்டு வகை. மோனோபோலார் டி.யூ.ஆர்.பி.க்கு ஏன் கிளைசின் திரவம், பைபோலாருக்கு ஏன் சலைன் (உப்புநீர்) என்பதை அவர் இரண்டு பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: சலைனில் மோனோபோலார் கரண்ட் சிதறிப்போகும், திசு வெட்டாது, கிளைசின் நிறைய உடம்பில் ஏறினால் சோடியம் சரிந்து நோயாளி குழம்பிப் பேச ஆரம்பிப்பார். எந்தப் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாக் எக்ஸாமுக்கு (மாதிரித் தேர்வுக்கு) சம்மதித்து வந்த நோயாளிகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரே கதையை ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொன்னீர்கள். அதிலும் அந்தப் பெரியவர்! வலியே இல்லாமல் ரத்தமாகச் சிறுநீர் போனது, சிறுநீர்ப்பையில் கட்டி. நண்பன் ஒருவன் எல்லாம் கேட்டு முடித்து எழுந்தபோது, "தம்பி, பீடி குடிப்பியான்னு நீங்க கேக்கவே இல்லியே, போன தம்பி கேட்டாரு" என்று நிறுத்தி உட்காரவைத்தார். அந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமே புகைதான். மதிப்பெண் போட வந்த சார், பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஹால் பிடித்துக் கொடுத்த ஆபீஸ் அண்ணன், புரொஜெக்டர் சொதப்பினால் ஓடி வந்தவர், அந்த மாலைகளில் எங்கள் டியூட்டியைப் பார்த்துக்கொண்ட ஜூனியர்கள், எல்லோருக்கும் நன்றி. ஜூனியர்களுக்கு நன்றி மட்டும் போதாது, பிரியாணி பாக்கி இருக்கிறது.

சேர்த்த படங்களை நோயாளிகளின் பெயர் மறைத்து அடுத்த பேட்சிடம் கொடுத்துவிட்டோம். முதல் வகுப்பு ஸ்டிரிக்சர்தானாம். ஆளுக்கு ஒரு ஆர்.ஜி.யூ. படம் கொண்டுவராதவர்களை உள்ளே விட மாட்டேன் என்று மேடம் இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் மாணவன்
சென்னை