எருக்கு அல்ல, நீரடிமுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், "வீட்டில் ஓர் எருக்கஞ்செடி வைத்தால் நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவன் தேடி வரும்" என்று வெளியிட்டிருந்தீர்கள். 2019ஆம் ஆண்டு அரசு அறிவித்த அந்தப் பூச்சியின் பெயரில் நீங்கள் அச்சிட்டிருப்பதோ வெந்தய வரியன் என்னும் வேறொரு பட்டாம்பூச்சியின் படம். முன்சிறகின் கரிய நுனியில் வெள்ளைப் பட்டையும், கறுத்த மார்பில் வெண்புள்ளிகளும் அச்சிலேயே தெளிவாகத் தெரிகின்றன. எருக்கில் முட்டையிடுவதும் அதுதான். தமிழ் மறவனின் புழு தின்பது நீரடிமுத்து மரத்தின் இலையை.

நீலகிரியின் உயரங்களில் வாழும் இந்திய ஃபிரிட்டிலரி என்னும் பட்டாம்பூச்சியின் பெண்ணை வெந்தய வரியன் என்று மாற்றிப் போட்டிருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். எருக்கம்பாலின் நஞ்சு உடலில் ஏறியிருப்பதால் வெந்தய வரியனைப் பறவைகள் ஒதுக்கிவிடும். அந்தப் பாதுகாப்பு வேண்டி ஃபிரிட்டிலரியின் பெண் அதைப் போலவே சிறகு பெற்றிருக்கிறது. ஃபிரிட்டிலரிகளுக்கு உறவான தமிழ் மறவனுக்கு அப்படி எந்த வேடமும் இல்லை. பாபநாசத்தில் வெயில் ஏறியதும் தாமிரபரணியின் ஈரமணலில் அமர்ந்து, உறிஞ்சுகுழலை ஊன்றி உப்புநீர் குடிக்கும் தமிழ் மறவன்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சிறகை விரித்தால் செம்மஞ்சள், ஓரத்தில் கரிய நெளிகோடுகள். மூடினால் வெளிறிய நிறத்தின் குறுக்கே வெள்ளி போல் ஒரு பட்டை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் படித்துறைக்கு மேலே நின்ற இரண்டு நீரடிமுத்து மரங்களைப் புதர் என்று சொல்லி வெட்டினார்கள். தொழுநோய்க்குச் சித்த மருத்துவம் எண்ணெய் எடுத்த மரம் அது. கெட்டியான ஓடுள்ள பழுப்புக் காய்கள் படியெல்லாம் உருண்டு கிடந்தன. இலைகளில் இருந்த புழுக்களைக் குப்பையோடு வாரிக் கொண்டுபோனார்கள். "ஆற்றங்கரை அழகு பெற்றது" என்று தங்கள் நாளிதழ் படத்துடன் செய்தி வெளியிட்டது. அப்போது நான் எழுதிய கடிதமும், பின்னர் அனுப்பிய நினைவூட்டலும் அச்சேறவில்லை. தாங்கள் இந்த மண்ணை அறிந்தவர் என்பதால்தான் மனம் அதிகம் நொந்தது.

இப்போது என் பேத்தி தங்கள் பக்கத்தை நம்பி, தொட்டியில் எருக்கங்கன்று நட்டு, நாள்தோறும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வரப்போவது வெந்தய வரியன். அதைத் தமிழ் மறவன் என்று அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில், சரியான படத்தையும் நீரடிமுத்தின் பெயரையும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டம்.