கத்துவது வர்ணனையாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் தொலைக்காட்சி வர்ணனையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, குரல்வளத்துக்கும் உற்சாகத்துக்கும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்திருந்தது. எனக்கு உடன்பாடில்லை. கத்துவதற்கு அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். பந்து கூடைக்குள் விழுந்ததை நானே பார்த்துவிடுகிறேன். அது ஏன் விழுந்தது என்று சொல்லத்தான் வர்ணனையாளர்கள் இருவரும் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் நடந்த இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் குவார்ட்டரிலேயே 18 புள்ளிகள் எடுத்துவிட்டார். மீதி மூன்று குவார்ட்டர்களிலும் சேர்த்து அவர் எடுத்தது 12தான். எதிரணியான சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் அவரை நிழல்போலத் தொடர்ந்ததை யாராவது சுட்டிக்காட்டினால்தான் புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், சவுத் கரோலினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் 37 புள்ளிகள் எடுத்தார்கள்; அயோவாவின் மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்தது பூஜ்யம். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டில் சவுத் கரோலினாவின் 51க்கு அயோவா 29. ஆட்டம் 87-75 என்று சவுத் கரோலினாவின் வெற்றியாக முடிந்ததன் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. நட்சத்திரத்தின் முகத்தை விட்டு அகலாத கேமராவை மறுத்துப் பேசத் தெரிந்தவரே நல்ல வர்ணனையாளர்.

அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்த அரையிறுதி இன்னும் கடினமான தேர்வு. 3.9 வினாடி மீதமிருக்க, அயோவாவை விட ஒரு புள்ளி பின்தங்கியிருந்த கனெக்டிகட்டின் கையில் பந்து. அப்போது அந்த அணியின் ஆலியா எட்வர்ட்ஸ் போட்ட ஸ்கிரீன் (தன் அணியினருக்காக எதிராளியின் வழியை உடலால் மறிப்பது) ஃபவுல் என்று நடுவர் விசிலடித்தார். பந்து அயோவாவுக்குப் போனது; 71-69 என்று அதுவே வென்றது. இத்தகைய நேரத்தில் 'சர்ச்சைக்குரிய முடிவு' என்று மழுப்புவதும், 'கடைசி நொடியில் இதற்கெல்லாமா ஊதுவது' என்று பொங்குவதும் ஒரே வகைச் சோம்பல். ஸ்கிரீன் போடுபவர் நிலையாக நின்றாரா, நகர்ந்து மோதினாரா என்று மறுஒளிபரப்பை வைத்துச் சொல்லிவிட்டு, தன் தீர்ப்பையும் துணிந்து சொல்ல வேண்டும். அது பாதிப் பேருக்குப் பிடிக்காமல் போகட்டுமே!

ரசிகர்களின் 'பாரபட்சம்' என்ற புகாரையும் நான் அளவுகோலாக ஏற்பதில்லை. தொலைக்காட்சி வர்ணனையாளர் ரெபெக்கா லோபோ 1995இல் கனெக்டிகட்டுக்காக ஆடிப் பட்டம் வென்றவர். அதனாலேயே அவர் சொல்வதெல்லாம் ஒருதலைப்பட்சம் என்று முடிவு கட்டுவது நியாயமா? பழைய அணியின் தவறை அவர் எடுத்துச் சொல்கிறாரா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

விதி தெரியாமல் பேசுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெண்கள் கல்லூரி ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து பத்து நிமிடக் குவார்ட்டர்கள் நான்காக நடக்கிறது; ஆண்கள் கல்லூரி ஆட்டம் இன்னமும் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. பெண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு குவார்ட்டரிலும் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பார் இல்லாமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு. நான் பார்த்த ஓர் ஆட்டத்தில், ஆட்டக்காரர் ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்தோடு நிற்க, 'இன்னும் இரண்டு ஃபவுல் பாக்கி' என்று ஆண்கள் ஆட்டக் கணக்கை ஒருவர் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரும் திருத்தவில்லை. ஆண்கள் இறுதியாட்டத்தை விடப் பெண்கள் இறுதியாட்டத்தை அதிகம் பேர் பார்த்த 2024க்குப் பிறகும் இந்த அலட்சியம்!

அடுத்த முறை வர்ணனையை மதிப்பிடும்போது, உங்கள் கட்டுரையாளர் இடைவேளை வரை கேட்ட விளக்கங்களைக் குறித்துவைத்து, அவற்றில் எத்தனை திரையில் ஏற்கெனவே தெரியாதவை என்று எண்ணிப் பார்த்து எழுதட்டும்.

ஒரு வாசகி,
சார்லட், வட கரோலினா