குளிர்காலக் கூட்டல்: ஒன்று, இரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஊட்டிப் பக்கம் ஜனவரிக் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்துப் புல் முழுக்க உறைபனி. பிள்ளைகள் குல்லாவும் ஸ்வெட்டருமாக வந்து உட்கார்கிறார்கள், அரை மணி நேரம் ஆனாலும் விரல் விறைப்பு விடுவதில்லை. அந்த விரலால் பென்சில் பிடித்து எழுதச் சொல்வது பாவம். அதனால் பிப்ரவரி முடியும் வரை ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு முதல் பீரியடில் நோட்டு வேண்டாம் என்று ஆசிரியர்களோடு பேசி முடிவு செய்தோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் பொருள்களை எடுத்து வைத்துக் கூட்டிப் பழகுகிறார்கள். "நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே, கணக்கு நடக்கிறதா?" என்று உங்களில் சிலர் வாசலில் நின்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். கடையில் முட்டை அடுக்கி வரும் அட்டை இருக்கிறதே, அதில் ஐந்தைந்தாக ஆறு வரிசை, மொத்தம் முப்பது குழி. இரண்டு வரிசைக்கு ஒன்றாக வெட்டினால் மூன்று துண்டு கிடைக்கும், ஒவ்வொன்றிலும் பத்துக் குழி. ஆளுக்கு இரண்டு துண்டும் ஒரு கை பஞ்சு உருண்டையும் கொடுத்திருந்தார்கள். பஞ்சுதான் பனி. "ராத்திரி எட்டு உருண்டை பனி விழுந்தது, விடிகாலையில் இன்னும் அஞ்சு விழுந்தது. மொத்தம் எத்தனை?" என்று டீச்சர் கேட்டார்.

என் பக்கத்தில் இருந்த பாப்பா ஒரு துண்டில் எட்டு, இன்னொன்றில் ஐந்து வைத்தாள். விரலால் தொட்டுத் தொட்டு ஒன்றிலிருந்து பதிமூன்று வரை எண்ணினாள். சரியான விடைதான். ஆனால் கையை எடுக்கவில்லை. முதல் துண்டில் காலியாக இருந்த இரண்டு குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அந்தக் குழிகளில் வைத்து அமுக்கினாள். "பத்து ரொம்பிடுச்சு டீச்சர். மூணு மிச்சம். பதிமூணு!" அடுத்த கணக்கு ஒன்பதும் நான்கும். இந்த முறை அவள் எண்ணவே இல்லை. ஒன்றை நகர்த்தினாள், விடையைச் சொன்னாள்.

அப்படிச் செய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. காலிக் குழி சொல்லிக்கொடுத்தது. நாளைக்கு 28-ஐயும் 5-ஐயும் கூட்டும்போது இதே பத்தை நிரப்பும் பழக்கம்தான் அவளுக்குக் கைகொடுக்கும். "எட்டும் அஞ்சும் பதிமூணு" என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, மறந்துபோனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இதில் நம் மொழியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பதினொன்று, பதினைந்து, பதினாறு: எல்லாவற்றிலும் பத்து முன்னால் நிற்கிறது, மிச்சம் பின்னால் வருகிறது. பத்தும் ஐந்தும் பதினைந்து என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று சொல்லும்போது பத்து அப்படிக் காதில் விழாது. ஆகவே வீட்டில் எண்களைத் தமிழிலும் சொல்லிப் பழக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தமிழ் எண்களை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றை மனதார வேண்டிக் கேட்கிறேன். பிள்ளை விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடாதீர்கள். விரலும் பத்துத்தான், எப்போதும் கூடவே இருக்கிறது. வேண்டாத நாளில் அவர்களாகவே விட்டுவிடுவார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளையாட்டு. ஏழு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டனானாலும் சரி. பிள்ளையை எண்ணச் சொல்லிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, சிலவற்றைக் குல்லாவுக்குள் ஒளித்து வையுங்கள். வெளியே நான்கு தெரிகிறது, உள்ளே எத்தனை? பிள்ளை சொன்னதும் குல்லாவைத் தூக்கிக் காட்டுங்கள். தப்பானால் "எண்ணிப் பார்ப்போமா?" என்று மட்டும் கேளுங்கள், கொட்டையே சரியான விடையைச் சொல்லிவிடும். அடுத்த முறை பிள்ளை ஒளிக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட இதை அருமையாக விளையாடுவார்கள். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில், சின்னப் பொருள்கள் அதன் வாய்க்குப் போகாமல் விளையாடி முடித்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் காலையில் எத்தனை கிலோ, மதியம் எத்தனை கிலோ என்று ராத்திரி சாப்பிடும்போது பேசிக்கொள்வீர்கள். அதைப் பிள்ளை காதில் விழப் பேசுங்கள். கேரட் தோட்டக்காரர்கள் குழம்புக்குக் கேரட் எடுக்கும்போது "பெரிசு மூணு, சின்னது அஞ்சு" என்று பிள்ளை கையில் கொடுத்து எண்ண விடுங்கள்.

இந்த வாரம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். கையுறை இரண்டை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் ஆறு யூகலிப்டஸ் காய், மற்றது காலி. ஆறும் பூஜ்ஜியமும் ஆறு. உடனே அவன், "டிவியில ஊட்டி ஜீரோ டிகிரின்னு சொன்னாங்க. ஜீரோன்னா ஒண்ணும் இல்லைதானே, அப்புறம் ஏன் இவ்ளோ குளிருது?" என்றான். டீச்சர் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டார். கூட்டலில் பூஜ்ஜியம் என்றால் ஒன்றும் இல்லை, தெர்மாமீட்டரில் அது தண்ணீர் உறையும் இடத்துக்கு நாம் வைத்த அடையாளம் என்று சொன்னார். அன்று சாயங்காலம் வெளியே வைத்துவிட்டு வந்த தட்டுத் தண்ணீர் மறுநாள் காலை மேலே மெல்லிய கண்ணாடி போல உறைந்திருந்தது. பிள்ளைகள் அதை ஆளுக்கொரு துண்டாக ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நோட்டில் இதற்கு ஒரு வரி கூட இல்லை, ஆனால் அந்த வகுப்பு இதை மறக்காது.

எழுத்து வேலை நின்றுவிடவில்லை. வெயில் ஏறிய பிறகு, வைத்த பஞ்சையே வட்டமாக வரைகிறார்கள், அதன் கீழே 8 + 5 = 13 என்று எழுதுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூலும் வழக்கம்போல் தொடர்கிறது. அந்தத் திட்டத்தில் அரும்பு நிலையில், அதாவது தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைகள் பொருளோடு இன்னும் கொஞ்ச நாள் இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமைக்குள் முடிந்தவர்கள் காய்ந்த, சுத்தமான முட்டை அட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். ஜோடி தொலைந்த ஒற்றைக் கையுறை எல்லா வீட்டிலும் ஒன்றாவது கிடக்கும், அதையும் அனுப்புங்கள், துவைத்துப் பயன்படுத்திக்கொள்கிறோம். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் யார் வேண்டுமானாலும் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் தாத்தா பாட்டியை அனுப்பினாலும் சந்தோஷம். பாய் விரித்து வைத்திருப்போம், தரை சில்லென்று இருக்கும் என்பதால் சால்வை எடுத்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்