மழைக்கு முன் பதில் சொல்லுங்கள்: ஆய்வு அனுமதி வழங்கும் வனத்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஆய்வுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்த மாதம் எங்கள் துறைக்கு ஓர் அனுமதிக் கடிதம் வந்தது. என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி, பாதாளத் தவளை முட்டையிடும் ஓடைகளில் வேலை செய்ய விண்ணப்பித்திருந்தார். அதற்கான பதில் அது. கையெழுத்து, முத்திரை, நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருந்தன. ஓடையில்தான் எதுவும் மிச்சமில்லை. கோடை மழையும் தென்மேற்குப் பருவமழையும் முடிந்து, தண்ணீர் இறங்கி, தலைப்பிரட்டைகள் கால் முளைத்து மண்ணுக்குள் போய்விட்டன. விண்ணப்பத்தை நாங்கள் அனுப்பியது வெயில் காலம் தொடங்குவதற்கு முன்பு.

எந்த அலுவலகம், எந்த மாநிலம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஓர் அதிகாரியை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தவளை, பாம்பு, ஓணான் என்று வேலை செய்பவர்களிடம் பேசினால் இதே கதையைத்தான் கேட்கிறேன். ஆகவே இந்த மடல் உங்கள் எல்லோருக்குமானது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சரணாலயத்துக்குள் நுழைய ஒரு பிரிவு, விலங்கைக் கையில் பிடித்து ஆய்வு செய்ய இன்னொரு பிரிவு. ஒரு தவளையைப் பிடித்து, பஞ்சுக்குச்சியால் தோலைத் தடவி மாதிரி எடுத்துவிட்டு, அதே இடத்தில் விட்டாலும் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். வேண்டியதுதான். தவளை ஆய்வு என்று சொல்லிக்கொண்டு எவர் வேண்டுமானாலும் பையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழையும் நிலை வரக்கூடாது. அந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. மழைக்கு முன் பதில் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். முடியாது என்பதாக இருந்தாலும் மழைக்கு முன் சொல்லுங்கள்.

பாதாளத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கறையான் தின்று கழிக்கிறது. முதல் பெருமழைகள் விழும் நாட்களில் மட்டும் ஆண் மண்ணுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். சில இரவுகள்தான் அது. பெண் வெளியே வந்து, ஓடையோரப் பாறை இடுக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பவும் மண்ணுக்குள் போய்விடும். தலைப்பிரட்டைகளுக்கு உறிஞ்சான் போன்ற வாய் இருக்கும். அதனால் பாறையில் ஒட்டிக்கொண்டு, பாய்ந்து வரும் வெள்ளத்திலும் அடித்துச் செல்லப்படாமல் வளரும். அந்தக் குரலைக் கேட்காவிட்டால் எந்த ஓடை என்றே தெரியாது. ஓடை தெரியாவிட்டால் முட்டையும் இல்லை, தலைப்பிரட்டையும் இல்லை, அந்த ஆண்டு ஆய்வும் இல்லை. ஆடியில் விதைக்க வேண்டியவனுக்குத் தையில் மதகைத் திறந்துவிட்டால் அவன் அந்தத் தண்ணீரை என்ன செய்வான்?

எங்கள் மாணவி, குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். உதவித்தொகைக்குக் காலக்கெடு இருக்கிறது. அந்தக் கெடு முடிவதற்குள் கிடைப்பது சில மழைக்காலங்கள்தான். அதில் ஒன்று இப்போது போய்விட்டது. கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கப் போனால், மேசைக்குப் போயிருக்கிறது என்றார்கள். எந்த மேசை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் ஏதோ ஓர் இணைப்பு குறைகிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த இணைப்பு உள்ளேயே இருந்தது. பக்க எண்ணைச் சுட்டிக்காட்டி மறுபடியும் அனுப்பினோம். அந்த வாரத்தில்தான் மலையில் முதல் மழை பெய்தது. விடுதி அறையில் உட்கார்ந்து அந்தப் பெண் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியில் வந்த கடிதத்தில் ஒரு நிபந்தனை: மாலை 6 மணிக்குள் ஆய்வாளர் காட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

ஐயா, அம்மா, தவளை ஆய்வுக்கான அனுமதி இது. தவளை கத்துவது இருட்டிய பிறகு. யானை நடமாடும் காட்டில் இரவில் ஒரு மாணவியை அனுப்ப நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. அவருடைய உயிருக்கு என்னைவிட நீங்கள்தான் சட்டப்படி பொறுப்பு. அதனால்தான் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம்: வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உடன் வரட்டும், அவருக்கான செலவை நாங்கள் ஏற்கிறோம், காவலர் வேண்டாம் என்று சொல்லும் இரவில் போகமாட்டோம். அந்தப் பத்தியை யாராவது படித்தார்களா? புலி ஆய்வுக்கும் செடி ஆய்வுக்கும் தவளை ஆய்வுக்கும் ஒரே நிபந்தனைத் தாளை இணைத்து அனுப்பினால், விண்ணப்பத்தைப் படிக்கவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வுகளால் காட்டுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. களக்காடு முண்டந்துறைப் பகுதியில் வாழும் வெண்புள்ளிப் புதர்த் தவளை 1876-இல் விவரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவு இல்லை. இந்த நூற்றாண்டில்தான் மீண்டும் கிடைத்தது. பிறகு இரவுகளில் பொறுமையாகக் காத்திருந்து ஆய்வு செய்தவர்கள் 2014-இல் அது எங்கே முட்டையிடுகிறது என்று வெளியிட்டார்கள்: உயிருள்ள மூங்கிலின் குழலுக்குள். மூங்கிலில் இருக்கும் சிறு பிளவு வழியே தவளை உள்ளே நுழைகிறது, முட்டைகளை ஆண் காக்கிறது. ஓட்டை விழுந்த மூங்கில் ஒரு தவளையின் பிரசவ அறை என்று அதற்கு முன் யாருக்குத் தெரியும்? எந்த மூங்கிலை வெட்டக் கூடாது என்று உங்கள் மேலாண்மைத் திட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால், அந்த வரி இந்த மாதிரி ஆய்விலிருந்துதான் வரும்.

பாதாளத் தவளையின் கதையும் அப்படித்தான். அதன் தலைப்பிரட்டை முதல் உலகப்போர்க் காலத்திலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. வளர்ந்த தவளை அறிவியலுக்குத் தெரியவந்தது 2003-இல். அதன் நெருங்கிய உறவுகள் இந்தியப் பெருங்கடலின் செஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இரண்டு கிளைகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து இன்னொரு பாதாளத் தவளை இனத்தை 2017-இல் விவரித்து, கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தின் விஞ்ஞானி பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது இறந்தவர். இப்படிப்பட்டவர்கள் காட்டைச் சூறையாட வருகிறவர்கள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு உறக்கம் கெடுக்கும் விஷயம். கைட்ரிட் பூஞ்சை. தவளையின் தோலைத் தாக்கிக் கொல்லும் இந்தப் பூஞ்சையால் உலகில் 501 இருவாழ்வி இனங்கள் சரிவைச் சந்தித்திருப்பதாகவும், அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான ஆய்வு சொன்னது. நம் மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சை இருப்பது 2011 முதல் பதிவாகியிருக்கிறது. நம் தவளைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றனவா, எந்த இனம் எந்தப் பருவத்தில் பலவீனப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே ஓடையில் மாதிரி எடுத்தால்தான் அறிய முடியும். நடுவில் ஓர் ஆண்டு விட்டுப்போனால், அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் போய்த் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. அறிக்கை தாமதமானால் அடுத்த மாதம் எழுதலாம். போன மழையை யாரும் திரும்ப அழைக்க முடியாது.

இதை எழுதும்போது மற்றதும் மனதில் வருகிறது. மாணவியின் கோப்பு மேசையில் கிடந்த அதே மாதங்களில், அதே காட்டின் விளிம்பில் சுற்றுலா ஜீப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடையில் தடுப்பணை கட்டுவதற்கு முன் அதில் என்ன வாழ்கிறது என்று எத்தனை இடங்களில் பார்க்கிறார்கள்? ஓடும் தண்ணீர் குளமாகிவிட்டால் பாறையில் ஒட்டி வாழும் தலைப்பிரட்டைக்கு அங்கே இடமில்லை. ஆனைமலைச் சாலைகளில் நசுங்கிச் சாகும் தவளைகளையும் பாம்புகளையும் கணக்கெடுத்த ஆய்வு 2001-லேயே வந்துவிட்டது. மழை இரவில் மலைச்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இன்றைய நிலைமை தெரியும். உலகின் இருவாழ்வி இனங்களில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் கணக்கிட்டார்கள். ஆனாலும் தவளைக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் இங்கே ஏற இறங்கப் பார்க்கிறார்கள். காட்டுக்குக் கேடு செய்யும் வேலைகளுக்கு வேகமாகத் திறக்கும் கதவு, அந்தக் கேட்டை அளந்து சொல்ல வருபவருக்கு மட்டும் ஏன் இத்தனை மெதுவாகத் திறக்கிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களில் பலர் ஆளும் வண்டியும் போதாமல், காட்டுத்தீக்கும் யானைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பவர்கள். எங்கள் ஆய்வுகளுக்குக் கண்ணாக இருப்பவர்கள் உங்கள் வனக்காப்பாளர்களும் காவலர்களும்தான். எந்த ஓடையில் எந்தக் குரல் என்று அவர்கள் சொல்லித்தான் பலமுறை கண்டுபிடித்திருக்கிறோம். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்.

தென்மேற்குப் பருவத்துக்கான தவளை, ஊர்வன ஆய்வு விண்ணப்பங்களுக்கு மார்ச் இறுதிக்குள்ளும், வடகிழக்குப் பருவத்துக்கானவற்றுக்கு ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் முடிவு சொல்லுங்கள். குறை இருந்தால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேளுங்கள். இரவு வேலை தேவைப்படும் ஆய்வுக்குக் காவலரோடு இரவு அனுமதி கொடுங்கள், அல்லது ஏன் முடியாது என்று எழுதுங்கள். தொடர் ஆய்வுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கோப்பு திறக்காமல், ஆய்வுக்காலம் முழுமைக்கும் அனுமதி கொடுத்து, ஆண்டறிக்கை தராதவர்களுடையதை மட்டும் ரத்து செய்யுங்கள்.

எங்கள் மாணவி அடுத்த பருவத்துக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புகிறார். அவருக்கும், அவரைப் போல் காத்திருக்கும் மற்றவர்களுக்கும், தயவுசெய்து மழைக்கு முன் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தவளை ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் ஒரு விலங்கியல் ஆசிரியர்