செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் 19 உறுப்பினர்களுக்கும் வணக்கம். குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். கூட்டம் காலை 10 மணிக்கு அறிவிக்கப்பட்டது. குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாததால் ஒத்திவைத்து, 10.30க்கு அதே நாற்காலிகளில் மீண்டும் கூடியிருக்கிறோம். வழக்கம்போல.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கப்பட்டது. ஆடியில் கூழ் ஊற்றினோம். கொசு மருந்து இருமுறை அடிக்கப்பட்டது. பொங்கல் கோலப் போட்டியின் தீர்ப்பைக் கண்டித்து வந்த இரண்டு கடிதங்கள் கோப்பில் உள்ளன.

இனி மருத்துவமனை விவகாரம். அதன் பெயரை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். எழுதாவிட்டாலும் எது என்று கேட்க நம் தெருவில் ஆள் இல்லை. பழைய வார்டு கட்டடங்களை இடித்துவிட்டு ஒரே அடுக்குமாடியாகக் கட்டப்போகிறார்கள். அதையொட்டி, புறநோயாளிகள் வாசல் பிரதான சாலையிலிருந்து நம் முதல் குறுக்குத் தெருவுக்கு மாறும், தெரு ஒருவழியாகும், ஒரு பக்கம் வண்டி நிறுத்தத் தடை வரும். இந்த வரைபடம் ஜூன் மாதம் காட்டப்பட்டபோது கூட்டிய அவசரக் கூட்டத்துக்கு 61 பேர் வந்திருந்தார்கள். சங்க வரலாற்றில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வெளியாட்கள் வண்டியால்தான் தொல்லை, கடுமையாக எதிர்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கியவன்தான்.

ஆனால் வெறும் எதிர்ப்பை எழுதிக் கொடுத்தால் கோப்பில் ஒரு தாள் கூடும், அவ்வளவுதான். கணக்கோடு கொடுத்தால் யாராவது ஒருவர் படித்துப் பார்ப்பார். ரயில்வே சரக்குப் பிரிவில் 33 ஆண்டுகள் இருந்தவன் சொல்கிறேன். ஆகவே ஆகஸ்டில் ஆறு நாட்கள், விடியற்காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை, மணிக்கு ஒருமுறை தெருவில் நின்ற வண்டிகளின் எண்களை நோட்டில் எழுதினேன். உதவுவதாக எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். துணைத் தலைவர் ஒருநாள் இரண்டு மணி நேரம் வந்தார், அவருக்கு நன்றி.

தெரு மிக நெரிந்த நேரம், நாம் நினைத்ததுபோல் காலையில் புறநோயாளிகள் வரும் நேரம் அல்ல. பிற்பகல் 1 முதல் 2.30 வரை. காலை ஷிப்டு செவிலியர்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். அடுத்த ஷிப்டு வந்துவிடும். இரண்டு ஷிப்டின் இருசக்கர வண்டிகளும் ஒரே நேரத்தில் நிற்க இடம் தேடுகின்றன. பார்வையாளர்களோ உள்ளே கட்டணம், வெளியே இலவசம் என்பதால் வெளியே நிறுத்துகிறார்கள். நாமும் அதைத்தான் செய்வோம்.

மூன்றாவதாகக் கண்டதுதான் சங்கத்தைப் பிளந்தது. நோயாளிகள் வருவதற்கு முன், விடியற்காலை 5 மணிக்கே தெருவில் 46 கார்கள் நின்றன. அவற்றில் 41 நம் வீடுகளுடையவை. கட்டட அனுமதி வரைபடத்தில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று கோடு போட்டுக் காட்டிய தரைத்தளங்கள் இன்று டியூஷன் சென்டராகவும் தையற்கடையாகவும் இருக்கின்றன. கார் தெருவில் நிற்கிறது. என் மகனின் காரும் அந்த 41-இல் ஒன்று. பட்டியலில் அதை முதலில் எழுதினேன். இருந்தும், "செயலாளர் மருத்துவமனைக்கு ஆள்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்துக்கு 12 பேர் வந்தார்கள்.

நவம்பரில் ஓர் இரவு ஆம்புலன்ஸ் ஒன்று நம் தெருவில் பதினொரு நிமிடம் சிக்கி நின்றது. குறுக்கே நின்றது நோயாளியின் வண்டி அல்ல. உரிமையாளர் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் வண்டி ஓட்டுபவருக்கே மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் யார் என்பதைப் பதிவு செய்யவில்லை.

எண்ணிக்கையின் அடிப்படையில் நாம் கொடுத்த மனு எதிர்ப்பு மனு அல்ல. ஆம்புலன்ஸ் வாசல் பிரதான சாலையிலேயே தனியாக இருக்கட்டும். ஆட்டோவும் காரும் காத்திருக்கும் வரிசை வளாகத்துக்குள் அமையட்டும். ஊழியர் வண்டி நிறுத்தத்தை ஒரு ஷிப்டுக்கு அல்ல, இரண்டு ஷிப்டுக்குக் கணக்கிடட்டும் என்று கேட்டோம். ஒருவழிப் பாதைக்கு ஒப்புக்கொண்டோம், திசையை மட்டும் மாற்றச் சொன்னோம். வரைபடப்படி வண்டிகள் பள்ளிக்கூடத் தெருவில் நுழைந்து நம் தெரு வழியாக வெளியேற வேண்டும். காலை 8.30க்கு அங்கே பிள்ளைகளை இறக்கிவிடும் கூட்டத்தைப் பார்த்தவர் அந்தக் கோட்டைப் போட்டிருக்க மாட்டார். பிரதான சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பி நம் தெருவுக்குள் வந்தால் எந்த வண்டியையும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை.

நடைபாதை 1.8 மீட்டராவது தடையின்றி வேண்டும் என்றும் கேட்டோம். இளநீர், இட்லித் தள்ளுவண்டிகளை அடியோடு அகற்றச் சொல்லுமாறு சில உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள், நான் எழுதவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து வெந்நீர் தேடி வந்தவருக்கு அந்த வண்டியின் அருமை தெரியும். அவர்களுக்கு ஓர் ஓரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.

பிப்ரவரியில் வந்த திருத்திய வரைபடத்தில் ஆம்புலன்ஸ் வாசல் பிரதான சாலையில் இருக்கிறது. மற்றவை "பரிசீலனையில்".

வரவு செலவு ஏறக்குறைய சமமாக உள்ளது. விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். போக்குவரத்துச் செலவு கூடியிருப்பது ஏன் என்று சிலர் கேட்டார்கள். பெருநகர வளர்ச்சிக் குழுமம் இருக்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு நான்கு முறை, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு இருமுறை போனேன். மழை பெய்த ஒருநாள் தவிர மற்றதெல்லாம் பஸ்தான்; டிக்கெட்டுகளை ஒட்டி வைத்திருக்கிறேன். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 84 உறுப்பினர்களில் 37 பேர் செலுத்தியுள்ளனர். என் எண்ணிக்கையைக் கண்டித்து விலகிய இருவர் மூன்றாண்டு பாக்கியையும் கூடவே எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

தலைவர், பொருளாளர், நாற்காலி தந்த திருமண மண்டபத்தார், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பழைய கட்டடம் இடிபடும். லாரிகள் இரவில் வரும். தூசி பகலில் இருக்கும். ஐப்பசி மழைக்குள் இடிபாடுகளை அள்ளாவிட்டால் மழைநீர் வடிகால் அடைத்துக்கொள்ளும். அக்டோபர் மழைக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தியதைப் பார்த்துச் சிரித்தோம். நம் பக்கத்தில் மேம்பாலமும் இல்லை. எனக்கு முழங்கால் முன்போல் இல்லை. பீரோ சாவியும் மூன்று கோப்புகளும் நோட்டும் மேசைமேல் இருக்கின்றன. எடுத்துக்கொள்பவர் இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால், ஒருவழித் திசை பற்றிப் பேச அடுத்த திங்கட்கிழமை போக வேண்டும். தனியாகப் போனால் ஒரு கிழவரின் புகார். நான்கு பேர் போனால் சங்கம். மூன்று பேர் தேவை. காலை 9.30க்குத் தெருமுனையில் நிற்பேன். ஆட்டோக் கட்டணத்தைச் சங்கக் கணக்கில் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்