எட்டாம் படத்தில் விழுந்த கறை

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மணிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

போன மாதம் நீ அனுப்பிய 36 படங்களையும், நெகட்டிவையும் பார்த்தேன். கேமராவில் லைட் அடிக்கிறது, படத்தில் கறை விழுகிறது, என்ன செய்வது என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் நீ எழுதவில்லை. அதன் பிறகு நான் இரண்டு முறை அழைத்தபோதும் வேலையாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாய். ஆகவே, கேட்டதற்காவது ஒழுங்காகப் பதில் எழுதிவிட வேண்டும் என்று கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நெகட்டிவையும் சேர்த்து அனுப்பியது கெட்டிக்காரத்தனம். தொழில் தெரிந்தவர்களுக்கே அது தோன்றுவதில்லை. கறை படத்தின் சட்டத்தோடு நிற்காமல் ஓரத்துப் பல் துளைகள் வரைக்கும் ஓடியிருக்கிறது, பார். ஷட்டர் திரையில் ஓட்டை இருந்தால் கறை சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்; துளைகள் வரை போனால் பழுது பின்கதவில்தான். அதுவும் நெட்டுவாக்கில் பட்டையாக விழுவதால், கீல் இருக்கும் பக்கம் என்று தீர்மானமாகச் சொல்லலாம். கலர் ஃபிலிமில் சிவப்பை வாங்கும் படலம் முதுகுப்பக்கத்துக்கு அருகில் இருப்பதால், பின்னாலிருந்து நுழைகிற வெளிச்சம் முதலில் அதைத்தான் தாக்கும். பிரிண்டில் ஆரஞ்சும் சிவப்புமாகத் தெரிவது அதனால்தான். நான் தொழில் பழகிய நாளில், ஊட்டியில் தயாரான ‘இந்து’ என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இதே பழுது வெறும் வெள்ளைப் பட்டையாக விழும்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கதவு வந்து பொருந்தும் காடியிலும் கீல் ஓரத்திலும் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச், காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வாங்கிப் பத்து இருபது வருடத்தில் தார் போல இளகி, பிறகு பொடிந்து போகும். பென்டாக்ஸ் கே1000 நல்ல இரும்பு போன்ற கேமரா. 1976இல் வந்து 1997 வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அதிலும் ஸ்பாஞ்ச் ஸ்பாஞ்ச்தான்.

ஒன்று மட்டும் கவனித்தேன். கீல் வழியாக வரும் வெளிச்சம், எடுத்து முடித்துச் சுருளுக்குப் போகும் வழியில் நிற்கிற படத்தின் மேல்தான் விழும். மற்ற படங்களில் மெல்லிய கோடாக இருப்பது உன் எட்டாம் படத்தில் மட்டும் பாதிப் படத்தைத் தின்றிருக்கிறது. எட்டை எடுத்து, ஒன்பதுக்குத் திருகிவிட்டு, கேமரா பல நாள் வெயில் படும் ஜன்னலோரத்தில் தொடுவாரின்றிக் கிடந்திருக்க வேண்டும். எட்டு வரைக்கும் படங்களில் மாப்பிள்ளை இருக்கிறார். ஒன்பதிலிருந்து ஜன்னலும் நாற்காலியும் துணிக்கொடியும்தான் இருக்கின்றன. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை என்று உன் அம்மாவிடம் நானாகவே சொல்லி வைத்திருக்கிறேன். கேமராவை வெயிலில் அப்படிப் போட்டு வைக்காதே, கண்ணு.

இனி வேலையைச் சொல்கிறேன். முதலில் கீல் ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டி ஒரு ரோல் எடுத்துப் பார். கறை மறைந்தால் நாம் நினைத்தது சரி. பிறகு பின்கதவைத் திறந்து, ஷட்டர் திரையின் மேல் ஒரு காகிதத்தை வெட்டி மூடிக்கொள். அது ரப்பர் பூசிய துணித் திரை. விரல் படக்கூடாது, ஸ்பிரிட் படவே கூடாது. காடியிலுள்ள பழைய பிசினை மூங்கில் குச்சியின் முனையால் வெளிப்பக்கமாகச் சுரண்டி எடு. நான் ஈர்க்குச்சியைச் சீவி வைத்துக்கொள்வேன். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் துடை. பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிசின் மேலேயே புதியதை ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. காடியில் கறுப்புக் கம்பளி நூலைக் குச்சியால் அழுத்திப் பதித்துவிடு. கீல் ஓரத்துக்கு வெல்வெட் பட்டை. இரண்டையும் அளவாக வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். கதவு சாத்தும்போது இலேசாக எதிர்க்க வேண்டும். முட்டிக்கொண்டு நின்றால் நூல் தடிமன் அதிகம். கண்ணாடிக்கு மேலே உள்ள ஃபோகஸ் ஸ்கிரீனை மட்டும் தொடாதே.

இதையெல்லாம் நீ பத்து வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றிருக்க வேண்டும். நீ கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாய். ஏன் நிறுத்தினாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

1998இல் பாரியூர் அம்மன் கோயிலில் அப்பத்தா கடைசியாகக் குண்டம் இறங்கித் தீ மிதித்ததை எடுத்த ரோல் கறைபட்டு வந்ததும், நீதான் கேமராவைத் திறந்துவிட்டாய் என்று சொல்லி, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் உன்மேல் கை நீட்டினேன். நீ திறக்கவில்லை என்று அழுதாய். அம்மணி, நெகட்டிவைக் கழுவிக் காயப் போட்டபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்திருந்தால் சுற்றிய ஃபிலிம் குறுக்கே முழுவதும் கருத்துப் போயிருக்கும். அதிலோ, உன் எட்டாம் படத்தில் இருப்பது போலவே, ஒரே இடத்தில் ஒரே பட்டை. அடுத்த மாதம் ஒரு கல்யாண ஆர்டரிலும் அதே இடத்தில் கறை விழுந்தது. அன்று கேமரா என் கழுத்தை விட்டு இறங்கவேயில்லை. அன்றிரவே உட்கார்ந்து ஸ்பாஞ்சை மாற்றினேன். உன்னிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, அப்பத்தா கண்ணை மூடும் வரைக்கும் அவளிடமும் சொல்லவில்லை. பத்து வயதுக் குழந்தையிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று உன் கேமராவில் இளகிக் கிடப்பது அன்றிரவு நான் ஒட்டிய ஸ்பாஞ்ச்தான்.

நீ எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நீ சொன்னதை நான் நம்பாததுதான் நினைவுக்கு வருகிறது. இனி நீ எதைச் சொன்னாலும் நம்புவேன். எதைச் சொன்னாலும்.

ஷட்டர் திரையில் கை படாமல் பார்த்துக்கொள். வேலை முடிந்ததும், உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெயிலும் ஈரமும் இல்லாத இடத்தில் வை. புனே மழைக்கு அது அவசியம். உனக்குக் கை நடுங்குமானால் கேமராவை எடுத்துக்கொண்டு நேராக இங்கேயே வந்துவிடு. மேல் அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள், உன் அம்மா உட்பட.

வெல்வெட் பட்டைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கவர் இருக்கும். அந்தக் குண்டத்து நெகட்டிவ் அதில் இருக்கிறது. இத்தனை வருடமும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார். மூன்றாவதில் அப்பத்தாவின் முகம் கறை படாமல் தப்பியிருக்கிறது; அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய்.

இப்படிக்கு,
அப்பா